முதல் துப்பாக்கியை விற்றுவிட்டு வாங்கிய துப்பாக்கி

கிளாக் 19 கைத்துப்பாக்கி என் வீட்டுக்கு வந்தது 2019 அக்டோபரில். இந்த ஆறு வருடத்தில் அதில் 7,000 தோட்டாவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுட்டிருக்கிறேன். பால் கணக்கு மாதிரி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பது வழக்கம். ஆனால் நான் வாங்கிய முதல் கைத்துப்பாக்கி இது இல்லை. முதலாவதை எட்டே மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன். அந்தக் கதையை விட்டுவிட்டு இதைப் பற்றி மட்டும் எழுதினால், புதிதாக வாங்க நினைக்கிறவர்களுக்குப் பிரயோஜனம் இருக்காது.

நான் மதுரைக்காரி. ஊரில் இருந்தவரை எனக்குத் தெரிந்த துப்பாக்கி, தீபாவளிக்கு ரோல் கேப் போட்டு வெடிப்பது. அதை விட்டால் தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுடும் ஏர்கன். ஹூஸ்டனுக்கு வந்து பல வருடம் கழித்து ஆபீஸில் டீம் அவுட்டிங் என்று ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார்கள். டெக்சஸில் அது பௌலிங் போவது மாதிரிதான். எனக்கு அப்போது கிரீன் கார்டு வந்திருந்தது. எச்-1பி விசாவில் இருந்த இரண்டு பையன்கள் உள்ளே வராமல் காபியோடு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் செய்ததுதான் சரி. அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவது இருக்கட்டும், கையில் வைத்திருப்பதற்கே மத்திய சட்டத்தில் பொதுவாகத் தடை. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு என்பது போலச் சில வழிகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம். ஒரு போட்டோவுக்காக விசாவை யாராவது பணயம் வைப்பார்களா?

அன்றைக்குச் சுட்டதில் எனக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்காரர் வேலை விஷயமாக மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருப்பார் என்பதையும் சேர்த்துக்கொண்டு, ஒன்று வாங்கலாம் என்று 2019 பிப்ரவரியில் கடைக்குப் போனேன்.

கவுண்ட்டரில் இருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஐந்தடி இரண்டங்குலம், 52 கிலோ. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தார். அலுமினிய பாடி, ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல் என்ற தோட்டா ரகம், எடை 420 கிராம் பக்கம். "லேடீஸுக்கு இதுதான் சௌகரியம். ஸ்லைடு இழுக்க வேண்டாம், மக்கர் பண்ணாது, ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொள்ளலாம்." ஸ்லைடு என்றால் பிஸ்டலில் முதல் தோட்டாவை ஏற்ற இழுக்கும் மேல்பாகம். கையில் வைத்துப் பார்த்தால் பொம்மை மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. 4473 என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன். எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை முடிந்து பெட்டி கைக்கு வந்துவிட்டது. தீபாவளிக்குச் சேலை எடுக்க எனக்கு இதைவிட அதிக நேரம் ஆகும்.

ரேஞ்சுக்கு எடுத்துப்போய் 7 கஜ தூரத்தில், அதாவது 21 அடியில், ஒரு பேப்பர் தட்டை மாட்டிச் சுட்டேன். முதல் தோட்டாவிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் கரண்டிக்காம்பால் ஓங்கி அடித்த மாதிரி வலி. ஐந்தில் ஒன்று தட்டின் ஓரத்தில் பட்டது. மற்ற நாலும் எங்கே போயின என்று தெரியவில்லை. இருபது தோட்டாவோடு நிறுத்திக்கொண்டேன். அன்று ராத்திரி சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை.

விஷயம் எளிது, பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். ஒரே தோட்டாவை வெடிக்கும்போது கனமான துப்பாக்கி மெதுவாகப் பின்னால் வரும், இலேசானது வேகமாக வந்து கையில் மோதும். அடுத்தது ட்ரிகர். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை உள்ளே மறைத்து வைத்திருக்கும் இந்த வகைக் குட்டி ரிவால்வர்களில் ஒவ்வொரு தடவையும் ட்ரிகரை இழுக்க 5 கிலோவுக்கு மேல் விசை தேவைப்படும். துப்பாக்கியின் எடையே அரை கிலோ இல்லை! விரல் இழுக்கிற இழுப்பில் குழலே ஒரு பக்கமாகச் சாயும். குழலும் இரண்டங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே இடைவெளி அவ்வளவு சின்னதாக இருந்தால், குறியில் மயிரிழை தப்பினாலும் தட்டில் அங்குலக் கணக்கில் விலகும். பல வருடம் பழகினவர்களுக்கு இது நல்ல ஆயுதம், அதில் சந்தேகமில்லை. அவர்கள் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்க வேண்டியதை என் மாதிரிக் கற்றுக்குட்டி கையில் முதலாவதாகக் கொடுக்கிறார்கள், அதுதான் என் வருத்தம்.

இந்தியாவிலும் இதே எண்ணம்தான். 2014-இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு .32 ரிவால்வரைப் பெண்களுக்கென்றே கொண்டுவந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம், விலை லட்சத்துக்கு மேல், நகைப்பெட்டி போல ஒரு உறையும் உண்டு. பெண் என்றால் இலேசாக, சின்னதாக, அழகான பெட்டியில். சுடப்போகிறவளின் மணிக்கட்டை யாரும் யோசிக்கவில்லை.

அப்புறம் நாலு மாதம் அந்த ரிவால்வர் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. காசு கொடுத்து வாங்கினோமே என்ற உறுத்தலில் ரேஞ்சில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், என்னைவிடக் குள்ளம். ரிவால்வரைப் பார்த்ததும், "இதை யார் உன் தலையில் கட்டினது?" என்கிற தோரணையில் ஒரு சிரிப்பு. தோட்டா போடும் ஐந்து அறையில் மூன்றை மட்டும் நிரப்பி, எது காலி என்று எனக்குத் தெரியாமல் சுழற்றிக் கொடுத்தார். காலி அறை வந்தபோது 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தது. குழலோ தானாக மூன்று அங்குலம் கீழே குத்திட்டது. வெடிக்கப்போகிறது என்று பயந்து என் கை முன்கூட்டியே தள்ளுகிறது. நாலு மாதத்துக்கு முன் வாங்கிய அடியை உடம்பு மறக்கவில்லை.

அந்தப் பயத்தைப் போக்க அவர் கையில் கொடுத்தது ரூகர் மார்க் IV, .22 என்ற சின்னத் தோட்டா போடும் பிஸ்டல். ஒரு கிலோவுக்கு மேல் கனம், உதை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு மணி நேரத்தில் ஐம்பது தோட்டாவும் தட்டுக்குள். இன்றைக்கு யாராவது "ஒன்றே ஒன்று வாங்கிக் கற்றுக்கொள்ள வேண்டும், வீட்டுப் பாதுகாப்பு எல்லாம் அப்புறம்" என்று சொன்னால், யோசிக்காமல் .22 என்பேன். தோட்டாவும் மலிவு.

ஆனால் எனக்கு வீட்டுக்கும் வேண்டும். எனவே அதைவிடப் பெரிய 9 மி.மீ. தோட்டா. அடுத்த இரண்டு சனிக்கிழமை ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்தேன். சிக் பி365 வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது, எல்லார் வாயிலும் அதே பேச்சு. அந்தச் சின்ன உடம்புக்குள் பத்துத் தோட்டாவை அடக்கியிருப்பது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஐம்பது சுட்டதும் போதும் என்று ஆனது. ஸ்மித் அண்ட் வெசன் எம்&பி 9 கைக்கு நன்றாகவே இருந்தது, அதை வாங்கியிருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். கிளாக் 19-இல் சுட்டவைதான் தட்டில் கொஞ்சம் நெருக்கமாக விழுந்திருந்தன. நூறு சுட்டும் "இன்னொரு பெட்டி வாங்கலாமா" என்று தோன்றியது. எனக்கு அந்தத் தோன்றல் போதுமாக இருந்தது.

1988-இலிருந்து இருக்கும் மாடல். தோட்டா அடுக்கும் மேகசினில் 15, நாலு அங்குலக் குழல், தோட்டா நிரப்பினால் 850 கிராம் பக்கம். வாடகைக்குக் கிடைத்தது நாலாம் தலைமுறை. அதன் பிடியில் விரலுக்கென்று பள்ளங்கள் இருக்கும், என் விரலுக்கு அவை மேடாகத்தான் வந்து சேர்ந்தன. ஐந்தாம் தலைமுறையில் அதை எடுத்துவிட்டார்கள், நான் வாங்கியது அது. பிடியைப் பெரிதாக்கும் பின்தகடுகளும் கூடவே வந்தன. ஒன்றையும் மாட்டவில்லை. ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் வசதியாக உட்கார, குழல் முன்கை எலும்புக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைந்தால் அளவு சரி.

ஸ்லைடு இழுக்கக் கஷ்டம் என்று என்னைப் பயமுறுத்தினார்களே, அது பலத்தில் இல்லை. விரல் நுனியால் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, குழல் முன்பக்கமே பார்க்க, இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து கவ்விப் பிடித்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும். இடியாப்ப உழக்கை அழுத்தத் தெரிந்தவளுக்கு இது பெரிய வேலை இல்லை. நிஜமான தொந்தரவு மேகசினில் கடைசி மூன்று தோட்டா. கட்டைவிரல் நகம் பிய்ந்துவிடும். அதற்கென்று விற்கும் லோடர் ஒன்று வாங்கிக்கொண்டேன், இந்த ஆறு வருடத்தில் நான் செய்த உருப்படியான செலவு அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. அழகு கிடையாது, கறுப்புச் செங்கல். கட்டைவிரலால் போடும் தனி சேஃப்டி கிடையாது. நடுவில் இருக்கும் சின்ன நாக்கோடு சேர்ந்து ட்ரிகர் அழுந்தினால் சுடும், அவ்வளவுதான். அதனால் ட்ரிகரை முழுசாக மூடும் கெட்டியான உறை கட்டாயம். சுத்தம் செய்யக் கழற்றுவதற்கு முன் ட்ரிகரை ஒருமுறை இழுக்க வேண்டும். குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் தோட்டா இருக்கிறதா என்று பார்க்க மறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழு, கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார். அந்த அம்மா சொல்லிக்கொடுத்ததை இன்னமும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறேன். மகனுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும்.

துப்பாக்கி விலை 540 டாலர். அது முதல் தவணை என்று யாரும் சொல்லவில்லை. படுக்கை அறையில் போல்ட் போட்டு இறுக்கிய பெட்டகம், காது மூடி, கண்ணாடி, வகுப்பு, ரேஞ்ச் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேல் தோட்டா. வாங்கியபோது 50 தோட்டா பெட்டி 10 டாலருக்குள் இருந்தது. 2020-இல் கோவிட் வந்ததும் ஊரே துப்பாக்கி வாங்கக் கிளம்பியது. அந்த ஒரு வருடத்தில் எஃப்.பி.ஐ. செய்த பின்னணிச் சோதனைகள் மட்டும் 3.97 கோடி பக்கம். அதே பெட்டி 40 டாலருக்குப் போனது, அதுவும் கிடைத்தால். கிட்டத்தட்ட ஒரு வருடம் வீட்டிலேயே, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் போலித் தோட்டாவைப் போட்டு ட்ரிகர் பழகினேன். முன் சைட்டின் மேல் ஒரு பத்து பைசா நாணயத்தை நிறுத்தி, விழாமல் ட்ரிகரை இழுக்க வேண்டும். திரும்ப ரேஞ்சுக்குப் போனபோது முன்பைவிட நன்றாகச் சுட்டேன், அதுதான் வேடிக்கை.

ரேஞ்சிலிருந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடையை மாற்றிவிட்டுத்தான் சமையலறை. தோட்டாவில் ஈயம் இருக்கிறது, மூடிய ரேஞ்சில் அது தூசியாக உடம்பில் ஒட்டும். குழந்தை இருக்கிற வீட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ளவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப்போகலாம். நான் லைசென்ஸ் தேர்வு எழுதி, 50 தோட்டா சுட்டுத் தேறியும் வைத்திருக்கிறேன், ஆனால் எடுத்துப்போவதில்லை. பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்கு அதை இடுப்பில் கட்டிக்கொண்டு போக எனக்கு மனசு வராது, ஒவ்வொரு இடத்திலும் கழற்றிக் காரில் வைத்தால் கார் கண்ணாடியை உடைக்கிறவனுக்குத்தான் லாபம். அதனால் வீட்டுப் பெட்டகத்தோடு சரி. 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தால் இங்கே அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பூட்டித்தான் வைத்திருப்பேன். ஊரிலிருந்து வந்த அம்மா அந்தப் பெட்டகத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை பூட்டுப் போட்டு உள்ளே என்னடி, காசு மாலையா?" என்றார். உள்ளதைச் சொன்னேன். அன்றிலிருந்து அந்த அறையில் படுக்க மாட்டேன் என்று ஹாலில் படுத்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். 2023-இல் என் வீட்டுக்காரருக்கு வேலை போய் ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். தூக்கம் இல்லை, பேச்சு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யாரிடமும் எதுவும் சொல்லாமல் துப்பாக்கியையும் தோட்டாவையும் எடுத்துப்போய், இங்கேயே குடியுரிமை வாங்கி இருக்கும் என் அண்ணன் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்தேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. மதினி எதற்கு என்று கேட்கவில்லை, காபி போட்டுக் கொடுத்தார். இவருக்கு வேறு வேலை கிடைத்து மூன்று மாதம் கழித்துத்தான் திருப்பி எடுத்துவந்தேன். எடுத்துப்போனது இவருக்குத் தெரியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. "நல்ல வேலை பண்ணினே" என்று மட்டும் சொன்னார்.

துப்பாக்கிக்கு இதுவரை பெரிய வேலை வைக்கவில்லை. முன்ஜாக்கிரதையாக ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் ஒருமுறை, சைட் ஒருமுறை மாற்றினேன், இருட்டில் மினுங்குகிற மாதிரி. எண்ணெய் சில சொட்டு. ரிவால்வரை விற்றதில் 170 டாலர் நஷ்டம், வகுப்புக் கட்டணம் என்று எழுதிக்கொண்டேன்.

போன வாரம் பக்கத்துத் தெருவில் இருக்கும் திருச்சிப் பெண் போன் பண்ணினாள். "அக்கா, கடையில் ஒரு குட்டி ரிவால்வர் பார்த்தேன், ரொம்ப க்யூட்டா இருக்கு, இந்த வாரம் தள்ளுபடி, வாங்கிடட்டுமா?" சனிக்கிழமை பத்து மணிக்கு என்னோடு ரேஞ்சுக்கு வா, மூடிய ஷூ போட்டுக்கொள், பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.