எம்.சி.ஜி. மைதானம்: நடுவரோடு கோபிக்கலாம், பக்கத்து இருக்கைக்காரரோடு கூடாது

மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பருமனைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஒரு இலட்சம் பேர் இருக்கலாம், ரிச்மண்ட், ஜொலிமொண்ட் என்று இரண்டு ரயில் நிலையங்கள் நடைதூரத்தில் உண்டு, வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடுவார்கள். எல்லாம் உண்மை. நான் எடைபோட விரும்புவது வேறொன்றை. காசு கொடுத்து உள்ளே போன ரசிகர் நடுவரின் முடிவைக் கண்டு கொதித்தால் வாய் திறக்கலாமா? திறந்தால் அவரை எப்படி நடத்துகிறார்கள்?

2024 இல் இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் இங்கே ஆடிய, டிசம்பர் 26 இல் தொடங்கும் பொக்ஸிங் டே டெஸ்டின் ஐந்தாம் நாளை எடுத்துக்கொள்கிறேன். டிக்கெட் பத்து டொலர்தான். அன்று மட்டும் 74,362 பேர் வந்திருந்தார்கள். ஐந்து நாளும் சேர்த்து 373,691. இந்த மைதானத்தில் ஒரு டெஸ்டுக்கு வந்த கூட்டத்தில், பிரட்மன் காலத்து, 1936-37 ஆஷஸ் தொடரின் சாதனை அன்று முறிந்தது. இந்தியத் துடுப்பாட்டக்காரர் ஜெய்ஸ்வால் 84 ஓட்டங்களோடு நின்றுகொண்டிருந்தார். அவுஸ்திரேலிய அணித்தலைவர் கமின்ஸ் வீசிய குட்டைப் பந்தை அடிக்கப் போனார். பந்து பின்னால் விக்கெட் காப்பாளர் கேரியின் கைக்குப் போனது. கள நடுவர் ஜோயல் வில்சன் ஆட்டமிழப்பு இல்லை என்றார். கமின்ஸ் மேன்முறையீடு செய்தார். பந்து உரசும் ஒலியைக் கோடாகக் காட்டும் ஸ்னிக்கோ கருவியில் கோடு அசையவே இல்லை. ஆனால் மட்டையையும் கையுறையையும் கடக்கும்போது பந்து திசை மாறியது கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது நடுவர் ஷர்புத்துல்லா கருவியை விட்டுக் கண்ணை நம்பி, முடிவை மாற்றினார்.

அவர் செய்தது சரி என்பது என் எண்ணம். முன்னாள் நடுவர் சைமன் டௌஃபலும் அப்படித்தான் சொன்னார். ஆனால் அரங்கில் இருந்த இந்திய ரசிகர்களுக்கு அது எப்படிச் சரியாகப்படும்? கோடு அசைந்தால் ஆட்டமிழப்பு, அசையாவிட்டால் இல்லை என்றுதானே இத்தனை வருடமாக அவர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள்? “ஏமாற்றுக்காரர்கள்” என்று அரங்கின் ஒரு பக்கம் முழுவதும் ஆர்ப்பரித்தது. என் வரிசையில் இருந்த ஒரு தாத்தா நாற்காலியில் ஏறி நிற்காத குறை. மஞ்சள் மேலங்கி போட்ட பாதுகாவலர்கள் படிகளில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரையும் தொடவில்லை. அடுத்த ஓவர் முடிவதற்குள் கூச்சல் தானாக அடங்கிவிட்டது. இதற்கு நான் முழுப் புள்ளி கொடுக்கிறேன்.

இதே நகரில் வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். 2019 இல் டொக்லண்ட்ஸ் மைதானத்தில், அவுஸ்திரேலிய உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு, ரசிகர்களின் நடத்தையைக் கவனிப்பதற்கென்றே தனி அலுவலர்களை நிறுத்தினார்கள். நடுவரை மொட்டைத் தலையை வைத்துத் திட்டிய கார்ல்டன் கழக ரசிகர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். ரசிகர்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டுமா என்று வானொலியும் பத்திரிகைகளும் பொங்கின. உதைபந்தாட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்: ஒரு வீரரைப் பிடித்து விழுத்தியவுடன், அது குற்றமோ இல்லையோ, பந்தை விடாமல் வைத்திருந்ததற்குத் தண்டனை கொடு என்று, பாதி அரங்கு “போல்!” என ஒரே குரலில் அலறும். அதுதான் அந்த விளையாட்டின் சங்கீதம். அதை அடக்கினால் மிஞ்சுவது தொலைக்காட்சிப் பெட்டி மட்டுமே.

நடுவர்களின் பக்கமும் எனக்கு விளங்குகிறது. ஊர்க் கழகங்களில் விசில் ஊதும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் வசவு தாங்காமல் விட்டுப் போகிறார்கள். நடுவரைப் பார்த்துக் கையை விரித்தாலே பந்தை ஐம்பது மீற்றர் முன்னே கொண்டுபோகும் தண்டனை என்று 2022 இல் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட வீரர்களுக்கு இறுக்கியதற்கு இந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம். மைதானத்தில் பிள்ளையின் முகத்துக்கு நேரே கத்தும் தகப்பனை அடக்குங்கள், நான் கைதட்டுவேன். எழுபதாயிரம் பேர் கூடிய அரங்கின் மூன்றாம் தட்டிலிருந்து கத்துகிறவரை அதே தராசில் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

எது அடக்கப்பட வேண்டியது என்பதற்கு எம்.சி.ஜி.யே சாட்சி. 1995 டிசம்பர் 26 அன்று தெற்கு அரங்கில் இருந்தேன். இலங்கையின் முத்தையா முரளிதரன் பந்துவீச, நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு தடவை நோ போல் என்று கை நீட்டினார். கால் கோட்டைத் தாண்டுகிறது என்றே முதலில் நினைத்தோம். முழங்கையை மடக்கி நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்பது குற்றச்சாட்டு என்று விளங்கியபோது எங்கள் வரிசையில் இருந்த தமிழர், சிங்களவர் எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்றோம். மறுமுனைக்கு மாறி, மற்ற நடுவர் ஸ்டீவ் டன் நின்ற பக்கத்திலிருந்து முரளி வீசியபோது யாரும் கை நீட்டவில்லை. பந்துவீச்சாளர்கள் முழங்கையை 15 பாகை வரை நிமிர்த்தலாம் என்று சர்வதேச கிரிக்கெட் சபை விதியை மாற்ற 2005 வரை ஆனது. அதற்கிடையில் அவுஸ்திரேலிய அரங்குகளில் அவர் பந்து வீசும்போதெல்லாம் “நோ போல்” என்று கோஷம் போட்டார்கள். 2004 இல் பிரதமர் ஜோன் ஹவார்டும் அவர் எறிகிறார் என்று சொல்ல, அந்த வருடச் சுற்றுப்பயணத்துக்கு முரளி வரவே இல்லை. அந்தக் கோஷத்துக்கு முதல் எழுத்தை எழுதிக் கொடுத்தது ரசிகர் அல்ல, நடுவர். ரசிகர் நடத்தை பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒருபோதும் பேசுவதில்லை.

2018 இல் எம்.சி.ஜி.யின் பே 13 என்ற இருக்கைப் பகுதியிலிருந்து இந்திய ரசிகர்களைப் பார்த்து “விசாவைக் காட்டு” என்று பாடினார்கள். அது நடுவர் மேல் வந்த கோபமே அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடிக்க எம்.சி.ஜி.யில் இருக்கும், தொல்லை தருபவரைப் பற்றி முறையிடும் குறுஞ்செய்திச் சேவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு டெஸ்டின்போது எனக்குப் பின்னால் குடித்திருந்த ஒருவர், தலைப்பாகை கட்டிய சிறுவனையும் தாயையும் விடாமல் சீண்டினார். பகுதி, வரிசை எண்களோடு செய்தி அனுப்பினேன். சற்று நேரத்தில் இருவர் வந்தார்கள். முதலில் தாயிடம் குனிந்து கேட்டார்கள், பிறகு எங்களிடம் கேட்டார்கள், அதற்குப் பிறகே அவரை எழுப்பிக்கொண்டு போனார்கள். கேட்டுவிட்டுச் செய்தது பெரிய விஷயம். 2021 ஜனவரியில் சிட்னியில் இந்தியப் பந்துவீச்சாளர் சிராஜ் இனவசை பற்றி முறையிட்டபோது ஆறு பேரை உடனே வெளியே அனுப்பினார்கள். இந்திய வீரர்கள் மேல் இனவசை வீசப்பட்டது உண்மை, ஆனால் அந்த ஆறு பேர் அல்ல என்று விசாரணையில் தெரிந்தது. வைதவர்கள் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு, அது மைதானத்துக்கு மட்டுமல்ல, கிரிக்கெட்டை நடத்துகிறவர்களுக்கும். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் தலைமை நடுவர் தன் முடிவை ஒலிவாங்கியில் அரங்குக்கே சொல்கிறார். 2023 மகளிர் உலகக்கிண்ண உதைபந்தாட்டத்தில், இந்த நாட்டிலேயே, அதைச் செய்தார்கள். ஜெய்ஸ்வாலின் பந்து எங்கே திசை மாறியது என்று ஷர்புத்துல்லா இரண்டு வரியில் அரங்குக்குச் சொல்லியிருந்தால், அந்தத் தாத்தாவின் கோபத்தில் பாதி கரைந்திருக்கும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குடும்பத்தோடு போகிறவர்கள் மது இல்லாத பகுதியில் இடம் எடுங்கள். மீன் கட்லட், ரோல்ஸ் கட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடிப் போத்தல் மட்டும் வேண்டாம். குறுஞ்செய்தி எண்ணை வாசலிலேயே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.