ஆறு வருடமாக ஒரே கோப்பில் நான்கு பேர்

எங்கள் காலாண்டிதழுக்கு நான் மெய்ப்புப் பார்க்கிறேன். கட்டுரையாளர், ஆசிரியர், நான், பக்கம் கட்டும் நண்பர் என ஒரு கட்டுரை நான்கு பேர் கையில் புரளும். முன்பெல்லாம் கோப்பு மின்னஞ்சலில்தான் சுற்றிவரும். ஒருமுறை 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி' என்று மூன்று சேர்ந்துபோய், நான் கைவைக்காத பழைய படி அச்சுக்குப் போய்விட்டது. முதல் கட்டுரையிலேயே பதினோரு ஒற்றுப் பிழைகள். அன்று ராத்திரி உட்கார்ந்துதான் வேறு வழி தேடினேன்.

அதிலிருந்து பெரும்பாலும், இணையத்தில் ஒரே கோப்பைப் பலர் சேர்ந்து திருத்த உதவும் கூகுள் டாக்ஸ்தான். 2014-இல் அதில் வந்த பரிந்துரை முறைதான் எனக்கு முக்கியம். கோப்பைப் பகிரும்போது கருத்துரைக்கும் உரிமையை மட்டும் கொடுத்தால், ஒருவர் எதைத் தட்டினாலும் மூல வரி அழியாது. மாற்றம் தனி நிறத்தில் அவர் பெயரோடு நிற்கும். ஏற்கலாம், தள்ளலாம். எங்கள் ஆசிரியர் எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒருமுறை காட்டிக்கொடுத்ததோடு சரி. இப்போது கைபேசியிலேயே படித்துவிட்டு, "இங்கே வலி மிகாது தம்பி" என்று ஓரத்தில் எழுதிவிடுகிறார். அவருக்குக் கைவந்தது என்பதற்காகவே இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

தமிழில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு கட்டுரையில் 'கெளரவம்' என்று ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டியிருந்தார்கள். நான் ஔகாரக் குறியிட்டு 'கௌரவம்' ஆக்கினேன். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். "ஒன்றுமே மாறவில்லையே" என்று கட்டுரையாளர் அத்தனையையும் தள்ளிவிட்டார். அவர்மேல் தவறில்லை. ஆனால் கணினிக்கு இவை வேறுவேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. அன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத திருத்தம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரியில் காரணம் எழுதுகிறேன். அதற்கு இடம்தராத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

நடுவில் ஒரு கட்டணச் செயலியை இரண்டு மாதம் வைத்துப் பார்த்தோம். மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் நீக்கினால், அடித்தல் கோடு எழுத்தைப் பிளந்து, புள்ளி தனியாக ஒரு வட்டத்தின் தலைமேல் போய் நின்றது. ஒற்றுப் பிழை திருத்துகிறவனுக்கு இது ஆகுமா? விட்டுவிட்டோம். நீங்கள் எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் போட்டு, ஒரு புள்ளியை நீக்கிப் பாருங்கள்.

இணையம் இல்லாத இடங்களில், கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் இலவச எழுதுமென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டர். மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதி அதிலும் உண்டு. அமைப்பில் உங்கள் பெயரை மறக்காமல் நிரப்புங்கள். இல்லையென்றால் யார் திருத்தினார் என்றே தெரியாது. பதிவை முடுக்காமல் யாராவது திருத்தி அனுப்பிவிட்டால், பழைய படியோடு ஒப்பிட்டு மாறிய இடங்களை அதுவே காட்டிவிடும். இது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

பக்கம் கட்டியபின் பிடிஎஃப்பில் குறிப்பு மட்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கட்டிய பக்கமாக இருந்தால் தேடல் உதவாது, வரிவரியாகப் படிக்கத்தான் வேண்டும்.

அப்புறம், டாக்ஸில் பதிப்பு வரலாற்றுக்குள் போய் ஒரு படிக்குப் பெயர் வைக்கலாம். ஒவ்வோர் இதழுக்கும் 'அச்சுக்குப் போனது' என்று தேதியோடு பெயரிட்ட பிறகுதான் பக்கம் கட்டும் நண்பரைக் கூப்பிடுகிறேன்.