மணிக்கயிறு நம் கையில்: கார்க் நகரின் ஷாண்டன் கோபுரம்

அயர்லாந்தின் கார்க் நகரில் கழித்த இரண்டு நாள்களில் என் மனத்தில் நின்றது, லீ ஆற்றுக்கு வடக்கே மேட்டின்மீது 1722இல் எழுப்பப்பட்ட புனித அன்னாள் தேவாலயத்தின் மணிக்கூண்டுதான். ஷாண்டன் என்று ஊரார் அழைக்கும் இக்கோபுரத்தின் இரு பக்கங்கள் செம்மணற்கல்லாலும் ஏனைய இரண்டும் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லாலும் ஆனவை. உச்சியில் பொன்னிறச் சால்மன் மீன் ஒன்று காற்றின் திசையைக் காட்டுகிறது. 1847இல் பொருத்தப்பட்ட கடிகாரத்தின் நான்கு முகங்களும் நான்கு நேரங்களைக் காட்டுவதால், அதற்கு ‘நான்முகப் பொய்யர்’ என்றே பட்டப்பெயர். அடிமுடி தேடிய கதையில் பொய் சொன்ன நான்முகனை அறிந்த நமக்கு அது புதிதாகத் தோன்றாது.

கட்டணம் செலுத்தி முதல் தளத்துக்கு ஏறினால், 1750இல் வார்க்கப்பட்ட எட்டு மணிகளுக்கான எட்டுக் கயிறுகள் எண்ணிட்டுத் தொங்குகின்றன. மெட்டுகளை எண் வரிசையாக எழுதிய அட்டையைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் இழுத்து இசைக்கலாம். தயங்கித் தயங்கி இழுத்தபோது ஓசை எழவில்லை. வெடுக்கென இழுத்து உடனே விட்டபோதுதான் தலைக்கு மேலே மணி முழங்கியது. பாதி மெட்டில் ஐந்துக்குப் பதிலாக ஆறை இழுத்துவிட்டேன்; அந்தப் பிழையை அக்கம்பக்கத் தெருக்கள் அனைத்தும் கேட்டிருக்கும். கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்த்துத் திரும்பும் சுற்றுலாவில் இந்தக் கூச்சமும் மகிழ்ச்சியும் கிடைப்பதில்லை.

உச்சிக்கு மொத்தம் 132 படிகள். மேலே செல்லச் செல்ல வழி குறுகி, எதிரே ஒருவர் வந்தால் உடலை ஒடுக்கி நிற்க வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்களும் இடுக்கில் மூச்சுமுட்டுபவர்களும் கயிற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மணிகளைக் கடக்கும்போது காதுக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.

நான் முன்பதிவு செய்திருந்த சுற்றுலாப் பேருந்து இங்கே ஒதுக்கியது இருபது நிமிடங்கள் மட்டுமே. அது எதற்கும் போதாது என்பதால் மறுநாள் நடந்தே வந்தேன். இரண்டாம் வருகையில் அருகிலுள்ள வெண்ணெய் அருங்காட்சியகத்துக்கும் நேரம் கிடைத்தது. 1770 முதல் இப்பகுதியில் இயங்கிய சந்தை, உலகெங்கும் வெண்ணெய் அனுப்பியது. சதுப்பு நிலத்தில் புதைந்து கிடந்த பழங்கால வெண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே யாரோ அதே மெட்டைத் தொடங்கி, நான் தடுமாறிய இடத்திலேயே தடுமாறுவது கேட்டது.