சீசன் பாதியில ஆட்ட முறையை மாத்தலாமா? 5-1, 6-2, டபுள் ஸ்விட்ச்

லீக் பாதி முடிஞ்சப்போ எங்க காலேஜ் பொண்ணுங்க வாலிபால் டீம் 7 மேட்ச்ல 4 தோத்திருந்துச்சு. தோத்ததை விட தோத்த விதம் தான் மனசை அரிச்சுது. 17, 18 வரைக்கும் சமமா வருவாங்க, அப்புறம் ஒரே மூச்சுல அஞ்சாறு பாயின்ட் போயிடும், டைம் அவுட் எடுத்தாலும் நிக்காது. ஒருநாள் ராத்திரி எல்லா ஸ்கோர்ஷீட்டையும் பரப்பி வச்சுக்கிட்டு எந்த ரொட்டேஷன்ல (சர்வீஸ் நம்ம கைக்கு வரும்போதெல்லாம் ஆறு பேரும் ஒரு இடம் தள்ளி நிக்குற வரிசை) இருக்கும்போது வரிசையா பாயின்ட் விட்டோம்னு சிவப்பு பேனாவால வட்டம் போட்டுக்கிட்டே வந்தேன். வட்டத்துல முக்கால்வாசி மூணே ரொட்டேஷன்ல தான், அட்டாக்கருக்கு பந்தைத் தூக்கிக் குடுக்குற செட்டர் முன்வரிசையில நிக்குற அந்த மூணு.

அப்ப பிரச்சனை பொண்ணுங்களோட உழைப்புல இல்ல. ப்ராக்டிஸ் நேரத்தை கூட்டலாம்னு சிலர் சொன்னாங்க, சீசன் நடுவுல ஏற்கனவே கால் வலியோட வர்றவங்கள இன்னும் ரெண்டு மணி நேரம் குதிக்க வைக்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, அதை அன்னைக்கே விட்டுட்டேன். மிச்சம் இருந்தது மூணு வழி.

முதல் வழி, 5-1லயே அப்படியே போறது. அஞ்சு அட்டாக்கர், ஒரே செட்டர், எல்லாருக்கும் அவ கை பழக்கம், நடுவுல நின்னு அடிக்குற மிடில் பொண்ணு கண்ணை மூடிட்டு குதிச்சாலும் பந்து வந்து நிக்கும். இதோட நல்லது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். கெட்டது, செட்டர் முன்னாடி வந்ததும் முன்வரிசையில அடிக்க ரெண்டு பேர் தான், வலைக்கு மேல கை நீட்டித் தடுக்குற எதிர் டீம் பிளாக்குக்கு வேலை சுலபம். எங்க செட்டர் உயரமும் கம்மி. அவ பிளாக் போடுற வலது பக்கத்துக்கு நேரா தான் எதிர் டீமோட லெஃப்ட் அட்டாக்கர் நிப்பா, அவ நோகாம செட்டர் கைக்கு மேலயே அடிச்சுட்டுப் போவா.

ரெண்டாவது 6-2. ரெண்டு செட்டர், யார் பின்வரிசையில இருக்காங்களோ அவங்க தான் செட் பண்ணுவாங்க, அதனால முன்னாடி எப்பவும் மூணு அட்டாக்கர். பேப்பர்ல பாத்தா ஆசையா இருக்கும். தொண்ணூறுகள்ல கியூபா பெண்கள் டீம் ரெண்டு செட்டர் வச்சு தான் உலகத்தையே ஆட்டி வச்சாங்க, 1992, 1996, 2000னு மூணு ஒலிம்பிக் தங்கம். ஆனா அவங்க செட்டருங்க முன்னாடி வந்தா அடிக்கவும் செய்வாங்க. நம்ம செட்டர் அடிக்க மாட்டான்னா ஒவ்வொரு தடவையும் சப் போட்டு தான் ஆளை மாத்தணும், எல்லாம் தகராறு ஆகுறது அங்க தான்.

சர்வதேச விதிப்படி ஒரு செட்டுக்கு 6 சப் தான், லிபரோ (பின்வரிசையில மட்டும் ஆடுற தடுப்பாட்டக்காரி) மாறுறது மட்டும் கணக்குல வராது. ஆரம்பத்துல ஆடுனவ ஒரு தடவை வெளிய போயி ஒரு தடவை தான் திரும்பி வரலாம், அவளுக்குப் பதிலா வந்தவளும் அந்த செட்ல ஒரு தடவை தான் உள்ள வர முடியும். செட்டர் முன்னாடி வரும்போது ரெண்டு பேரை மாத்துனா 2 சப், மூணு ரொட்டேஷன் கழிச்சு பழைய ஆளுங்களை கொண்டு வந்தா இன்னொரு 2, ஆக மொத்தம் 4. செட்டர் ஒண்ணாம் இடத்துல (பின்வரிசை வலது மூலை, சர்வீஸ் போடுற இடம்) ஆரம்பிச்சா முதல் தடவை முன்னாடி வர்றது ஸ்கோர் 5, 6 இருக்கும்போது. ரெண்டாவது தடவை வரும்போது ஸ்கோர் 15, 16 ஆயிருக்கும், அப்ப உங்க கையில அதே ஜோடியை மாத்துறதுக்கு வழியே இல்ல. அதாவது 6-2ன்னு ஆரம்பிச்ச ஆட்டம் செட்டோட முக்கியமான நேரத்துல தானாவே 5-1 ஆயிடுது, அதுவும் பலவீனமான ரொட்டேஷன்ல. அமெரிக்க காலேஜ் பெண்கள் வாலிபால்ல செட்டுக்கு 15 சப் உண்டு, அதனால அங்க 6-2 நல்லா ஓடுது, அந்த வீடியோக்களைப் பாத்துட்டு 6 சப் விதியில அப்படியே இறக்குனா கண்டிப்பா மாட்டிக்குவோம்.

அதனால நான் எடுத்தது மூணாவது வழி. 5-1 தான் அடிப்படை, டபுள் ஸ்விட்ச், அதாவது ரெண்டு பேரை ஒரே நேரத்துல மாத்துறது, செட்டுக்கு ஒரே தடவை, அதையும் கடைசிக்கு பத்திரமா வச்சுக்கிறது. செட்டர் நாலாம் இடத்துக்கு (முன்வரிசை இடது மூலை) வரும்போது எதிர்மூலையில இருக்குற அட்டாக்கர், ஆப்போசிட்னு சொல்றவ, ஒண்ணாம் இடத்துல சர்வீஸ் போட வருவா. செட்டருக்குப் பதிலா உயரமான அட்டாக்கர், ஆப்போசிட்டுக்குப் பதிலா ரெண்டாவது செட்டர், முன்னாடி மூணு பேர் ஆயிடுச்சு. ஸ்கோர் 5ல வர்ற முதல் சுத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டு 5-1லயே ஓட்டிடுவோம், 15க்கு மேல வர்ற சுத்துல தான் மாத்துவோம். அந்த மூணு ரொட்டேஷன் முடியும்போது ஸ்கோர் 20, 21 ஆயிருக்கும், திரும்ப மாத்த 2 சப் போனாலும் இன்னும் 2 மிச்சம், சர்வீஸுக்கு ஒரு ஆளை இறக்கி எடுக்கலாம்.

ஒரு விஷயத்துல அடி வாங்கித் தான் கத்துக்கிட்டோம். ரெண்டு சப்பும் ஒரே நேரத்துல கேக்கணும், நடுவுல ஒரு ரேலி முடியாம அடுத்த சப் கேக்க முடியாது. முதல் தடவை அட்டாக்கர் நம்பர் பலகையோட போயி நின்னுட்டா, ரெண்டாவது செட்டர் பெஞ்ச் பக்கத்துல ட்ராக் சூட் ஜிப்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கா. ரெஃப்ரி ஒண்ணை மட்டும் அனுமதிச்சாரு, நம்ம செட்டர் வெளிய வந்துட்டா, கோர்ட்ல செட்டரே இல்ல. லிபரோ ஓடி வந்து தூக்கிக் குடுத்து எப்படியோ அந்த ரேலியை கடந்தோம். அதுக்கப்புறம் 13 பாயின்ட் வந்ததுமே ரெண்டு பேரும் ஜெர்சியோட சேந்து நிக்கணும்னு வச்சுட்டேன்.

ப்ராக்டிஸ்லயும் இது தான் தோது. 6-2ன்னா செட்டிங் நேரத்தை ரெண்டா பிரிக்கணும், மிடிலுக்கு ரெண்டு பேர் வேகமும் பழகணும், பாதி சீசன்ல அதுக்கு நாள் ஏது? இங்க ரெண்டாவது செட்டருக்கு மூணு ரொட்டேஷன் மட்டும் பழகுனா போதும், தினம் 20 நிமிஷம் குடுத்தேன். முதல்ல முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்த மூத்த செட்டர், இப்ப வெளிய வந்ததும் அந்தச் சின்னப் பொண்ணுக்கு எதிர் பிளாக்கர் எங்க நிக்குறான்னு காது கிட்ட சொல்லிட்டு தான் உக்கார்றா.

பின்வரிசை அட்டாக் பலமா இருக்குற டீமுக்கு சுத்தமான 5-1 போதுமா இருக்கலாம், அப்படி ஒரு டீமை நான் நடத்துனதில்ல. அஞ்சாவது செட்டுக்கு மட்டும் கணக்கு வேற. 15 பாயின்ட் தான்ங்குறதால ரெண்டாவது சுத்து வருமான்னே சொல்ல முடியாது, அதனால அதுல முதல் தடவை செட்டர் முன்னாடி வந்ததுமே மாத்திடுறோம். இது வரைக்கும் ரெண்டு மேட்ச் தான் அஞ்சாவது செட் போச்சு, ஒண்ணு ஜெயிச்சோம், ஒண்ணு 13-15.