அம்பு இறகில் இரண்டு நிறம்: ஒட்டுப் போடலாமா, சாயம் ஏற்றலாமா?

மர அம்பு செய்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஒற்றை நிற இறகு அலுத்துவிடும். கோலை வழவழவென்று தேய்த்து, வார்னிஷ் பூசி, வால் பக்கம் வளையம் வளையமாகக் கோடு போட்டு முடித்த பிறகு, மூன்று இறகும் வெறும் சிவப்பாக நிற்பது கண்ணை உறுத்தும். பின்பாதி வெள்ளையாக இருந்தால் எப்படி? நடுவில் ஒரு கறுப்புப் பட்டை வந்தால்?

அதற்கு மூன்று வழி உண்டு. இறகைக் கோலில் சரியான இடத்தில் பிடித்து ஒட்ட உதவும் கருவிக்கு ஜிக் என்று பெயர். இறகுத் துண்டுகளை அந்த ஜிக்கின் கிளாம்பிலேயே, அதாவது இறகைக் கவ்வும் பிடியிலேயே, சேர்த்து நேராகக் கோலில் ஒட்டுவது ஒன்று. மேசையில் வைத்து முன்கூட்டியே ஒரே இறகாக இணைத்துக்கொள்வது இன்னொன்று. வெட்டவே வேண்டாம், முழு இறகின் மேல் சாயத்தால் பட்டை போட்டால் போதும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் கோர்வைப் புடவை மாதிரி: கரை வேறு, உடல் வேறு, இரண்டும் கோத்து நிற்கும். மூன்றாவது பிரிண்ட் புடவை. தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கையில் எடுத்தால் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் மர அம்புக்காரர்கள் பெரும்பாலும் வான்கோழிச் சிறகின் இறகைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே இறைச்சிப் பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் வெள்ளை இனம். கறுப்பு இனமாக இருந்தால் பறவையை உரித்த பிறகும் தோலில் குருத்து இறகு புள்ளி புள்ளியாகத் தெரியும்; வெள்ளையில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் வெள்ளை இறகு தாராளமாகக் கிடைக்கிறது, எந்த நிறமும் அதில் ஏறும். இயற்கையாகவே வரி போட்ட இறகு வேண்டுமென்றால் காட்டு வான்கோழியையோ பழைய வெண்கல இனத்தையோ தேட வேண்டும். பருந்து, ஆந்தை இறகு பக்கம் போகவே கூடாது. 1918-இல் வந்த வலசைப் பறவைச் சட்டத்தின் கீழ், தரையில் உதிர்ந்து கிடந்ததை எடுத்து வைத்திருப்பதும் அங்கே குற்றம். வரிபோட்ட தோற்றத்தை ஒட்டிலோ சாயத்திலோ கொண்டுவர இவ்வளவு பேர் மெனக்கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, முதல் வழி. சிவப்பு இறகு ஒன்று, வெள்ளை ஒன்று. இறகின் இழைகள் காம்பிலிருந்து செங்குத்தாக நிற்பதில்லை, பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒட்டுக் கோடும் அந்தச் சாய்விலேயே போக வேண்டும். ஆகவே முதல் வேலை கத்தரிக்கோலுக்கு இல்லை. வேண்டிய இடத்தில் இழைகளை விரலால் பிரித்து வகிடு எடுக்க வேண்டும். அப்புறம் அந்த வகிட்டின் அடியில் காம்பை மட்டும் பிளேடால் நறுக்க வேண்டும். இழைகளின் குறுக்கே கத்தரித்தால் காம்பைத் தொடாத அரைத் துண்டுகள் உதிர்ந்து, கோட்டின் ஓரம் எலி கடித்த மாதிரி ஆகிவிடும்.

பின்துண்டைக் கிளாம்பில் வைத்து, முன்துண்டைக் காம்போடு காம்பு முட்டும்வரை நகர்த்தி, கிளாம்பைப் பாதி இறுக்கிய நிலையில் இழைகளை அடியிலிருந்து மேலாக இரண்டு தடவை நீவிவிட்டால், ஜிப் போட்ட மாதிரி இரண்டும் கொக்கி மாட்டிக்கொள்ளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது பசை எதற்கு என்றே தோன்றியது. இழைகளில் இருக்கும் நுண்ணிய கொக்கிகளின் வேலை அது. பறவை அலகால் கோதிக்கொள்வதும் இதற்காகத்தான். பிறகு காம்பு நெடுகப் பசை தடவி, கோலில் வைத்து, காய்ந்ததும் முன்நுனி, பின்நுனி, ஒட்டு ஆகிய மூன்று இடத்திலும் ஒரு சொட்டு. அவ்வளவுதான்.

இதில் குறை, நேரம். சாதாரண இறகுப் பசைக்குக் கிளாம்ப் கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். ஒரு டஜன் அம்புக்கு 36 இறகு. ஒரு ஒட்டு என்றால் 72 துண்டு, நடுவில் பட்டை வைத்தால் 108. வளைந்த கிளாம்பாக இருந்தால் இறுக்கும்போது சின்னத் துண்டு வழுக்கி ஓடும். நடுப்பட்டை அரை அங்குலத்துக்குக் கீழே போனால் நான் இந்த வழியை எடுப்பதில்லை.

அங்கேதான் மேசை வழி ஜெயிக்கிறது. இரண்டு பக்கமும் ஒட்டும் மெல்லிய ஃபிளெட்சிங் டேப்பை (அம்புக்கு இறகு ஒட்டும் டேப்) மேசையில் நீட்டி, துண்டுகளை வரிசையாக அதன்மேல் முட்டவைத்து, முழு இறகாகவே எடுத்துக் கிளாம்பில் வைக்கலாம். மாலையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே ஒரு டஜனுக்கு வேண்டியதைச் சேர்த்துவிடலாம். டேப்புக்குப் பதில் சூப்பர் குளூ வைக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஒரு சொட்டு கூடினாலும் இழைகளுக்குள் ஏறி வெள்ளை பூத்துவிடும், அந்த இடம் விறைத்து நிற்கும், நீவினாலும் சேராது.

எந்த வழியானாலும் ஒட்டின் தரம் பசையில் இல்லை, துண்டு தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. இறகின் அடிப்பக்கம் காம்பு தடித்தும் நுனிப்பக்கம் மெலிந்தும் இருக்கும். சிவப்பின் அடியோடு வெள்ளையின் நுனியைச் சேர்த்தால் காம்பில் படி விழும். ஆகவே இரண்டு முழு இறகையும் அடி பொருத்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அளவில் வகிடு எடுத்து, பாதியை மாற்றிக்கொள்வதுதான் ஒழுங்கு. மிச்சப் பாதிகள் வீணாவதில்லை, அவை சேர்ந்து நிறம் மாறிய இன்னொரு இறகாகும். இதைவிட முக்கியம், இடச் சிறகு வலச் சிறகு கலக்கக் கூடாது என்பது. நான் ஒரு ராத்திரி மங்கலான விளக்கில் கலந்துவிட்டேன். சிவப்பு ஒரு பக்கம் வளைய, வெள்ளை மறுபக்கம் வளைய, காலையில் பார்த்தால் ஒட்டு குருவி வாய் மாதிரிப் பிளந்து கிடந்தது. ஆறு இறகு குப்பைக்கு.

சாய வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. வரி அச்சிட்ட இறகு கடையிலேயே கிடைக்கிறது. இல்லாவிட்டால் வெள்ளை இறகில் பெர்மனென்ட் மார்க்கரால் கோடு இழுக்கலாம். ஒட்டு இல்லாததால் பிரியவும் வழியில்லை. புதரில் விழுந்து தொலையப்போகிற அம்புக்கு இதுவே போதும். ஆனால் மார்க்கர் மை இழை வழியே ஓடும். கூர்மையான ஓரம் வராது.

வடிவம் வெட்டும் கருவியும் முடிவை மாற்றும். அச்சுக் கத்தியைச் சுத்தியலால் தட்டி வெட்டுகிறவர்கள் இறகைக் கோலில் ஒட்டுவதற்கு முன்பே வெட்டியாக வேண்டும், அதற்கு மேசை ஒட்டு அல்லது முழு இறகுதான் சரிப்படும். சூடேறிய நிக்ரோம் கம்பியால் எரித்து வடிவம் எடுப்பது ஒட்டிய பிறகு நடப்பது. கிளாம்பில் சேர்த்த துண்டுகள் ஒரே வளைவில் சேர்ந்தே எரியும், ஒட்டில் மேடு பள்ளம் வராது. முடி பொசுங்கும் நாற்றம் மட்டும் அடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் மேசையில் இருக்கும் டஜனில் ஒவ்வொரு அம்பிலும் இரண்டு இறகு கிளாம்ப் ஒட்டு, முன்பாதி சிவப்பு, பின்பாதி வெள்ளை. வில்லுக்கு வெளிப்பக்கம் பார்க்கும் மூன்றாவது இறகை மட்டும் ஒட்டில்லாமல் முழு மஞ்சளாக விட்டிருக்கிறேன். நாணில் பூட்டும்போது எந்தப் பக்கம் என்று அதுதானே சொல்ல வேண்டும்.