குளியலறைக் கூரையில் ஓதம்: ஐந்து ஆண்டு அனுபவம்

சென்னையில் நாங்கள் வசிப்பது நான்கு மாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில். 2019இல் குடிவந்த மறு ஆண்டே, குளியலறைக் கூரையில் கழிவுநீர்க் குழாய் இறங்கும் மூலையில், தேநீர்க் கறை போன்ற மஞ்சள் வளையம் தெரிந்தது. பட்டி பார்த்து இரண்டு முறை எமல்ஷன் அடித்தோம். ஆறே மாதத்தில் பெயின்ட் கொப்பளித்து, விரல் பட்டதும் வெள்ளைப் பொடியோடு உதிர்ந்தது. கான்கிரீட்டில் ஊறும் நீர் அதிலுள்ள உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, தான் உலர்ந்த இடத்தில் விட்டுச் செல்வதால்தான் அந்தப் பொடி பூக்கிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அதனால் மறுபடியும் பெயின்ட் அடித்தோம். அந்தப் பணம் முழுவதும் வீண்.

இதற்கிடையே, கீசர் மாட்டியிருக்கும் பக்கத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் பரவத் தொடங்கின. இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்தது எங்கள் பெரிய தவறு. ஒரு பழைய கொத்தனார் சொன்னபடி, கூரையைத் துடைத்து, இரண்டு இடங்களிலும் ஒரு சாண் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்தோம். மூலையிலிருந்த தாளின் உட்புறம், அதாவது கூரையை ஒட்டிய பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அங்கே ஈரம் தளத்திற்குள்ளிருந்து வருகிறது. கீசர் பக்கத்துத் தாளுக்கு உட்புறம் உலர்ந்திருக்க, வெளிப்புறம்தான் நனைந்திருந்தது. அது நாங்கள் குளிக்கும் வெந்நீரின் ஆவி.

ஆவிக்குத் தீர்வு எளிதாகக் கிடைத்தது. ஆறங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தி, குளித்து முடித்தபின் இருபது நிமிடம் ஓடவிடுகிறோம். கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி விட்ட பிறகுதான் அது சரியாக வேலை செய்தது. உள்ளே காற்று நுழைய வழியில்லாவிட்டால் ஃபேன் எதை வெளியே தள்ளும்? பூஞ்சையை, நீர் கலந்த குளோரின் பிளீச்சில் நனைத்த துணியால், கண்ணாடியும் கையுறையும் அணிந்து துடைத்தோம். கழிப்பறை கழுவும் ஆசிடை அத்துடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது; நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும்.

மூலைக் கசிவுக்கோ மேல்வீட்டின் ஒத்துழைப்பு வேண்டியிருந்தது. அங்கிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, "எங்க தரை காஞ்சுதான் இருக்கு, எதுக்கும் நீங்களே வந்து பாருங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் குளியலறை சங்கன் ஸ்லாப் முறையில் கட்டப்பட்டது. தாழ்த்திய தளத்தில் குழாய்களைப் பதித்து, செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். டைல்ஸ் இடுக்கிலும், தரைநீர் வடியும் சல்லடைமூடிக் கிண்ணமான நஹானி ட்ராப்பின் ஓரத்திலும் இறங்கும் நீர் அந்தப் பள்ளத்தில் தேங்குமே தவிர, தரையில் தெரியாது. வடிகாலை அடைத்து, சாயம் கலந்த நீரை ஓர் அங்குல உயரத்திற்கு இரண்டு நாள் நிறுத்தினோம். இரண்டாம் நாள் மாலை எங்கள் மூலையில் இளஞ்சிவப்புத் துளி தொங்கியது. அதைக் கண்ட பிறகு அவரும் தயங்கவில்லை. செலவைப் பாதிப்பாதியாக ஏற்றோம். ட்ராப்பைச் சுற்றி உடைத்து நீர்த்தடுப்புப் பூச்சு பூசி, டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி, நீர் புகாத பிசின் கலவையான எபாக்சி கிரௌட்டை நிரப்பினார்கள்.

வேலை முடிந்ததும் பெயின்ட் அடிக்க எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். நான் மூன்று மாதம் காத்திருந்தேன். அதற்குள் கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதிவைத்தேன். கசிவு நின்றதை எனக்கு உறுதிசெய்தது அந்தக் கோடுதான். பி.வி.சி. ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிடலாம் என்று பலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கினால் காரை பெயர்ந்து விழும், அதன் முதல் விரிசல் கண்ணில் படவேண்டும்.

2021 இறுதியில் அடித்த பெயின்ட் இன்றும் உரியவில்லை. குழாய் துளையைச் சுற்றி மட்டும் ரூபாய் நாணய அளவில் துருக்கறை ஒன்று இருக்கிறது. தட்டினால் ஓசை கெட்டியாகவே கேட்கிறது. தை பிறந்ததும் அந்த இடத்தைக் கொத்திப் பார்க்கக் கொத்தனாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.