புல்வெளியா, கற்பூர மரமா: நீலகிரி ஓடையில் எதனால் அதிகத் தண்ணீர்?

மழை குறைந்ததால் ஆறு வற்றியதா, நிலத்தை மாற்றியதால் வற்றியதா? இரண்டும் சேர்ந்தே நடப்பதால் பிரித்துச் சொல்வது கடினம். ஊட்டிக்கு அருகே கிளென்மார்கனில் ஆய்வாளர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். அடுத்தடுத்து இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள் (மழைநீர் ஓர் ஓடையில் வந்து சேரும் நிலப்பகுதிகள்), ஒரே மழை, ஒரே வெயில். 1972-இல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். மற்றது புல்லும் சோலையுமாக அப்படியே இருந்தது.

முதல் பத்து ஆண்டுகளில் மரம் நட்ட பக்கம் ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் தழைத்த அடுத்த சுற்றில் இன்னும் குறைந்தது. வானம் இரண்டுக்கும் பொதுவானது என்பதால் காரணம் மரம்தான்.

புல்வெளியில் நடந்தால் காலடியில் மண் பஞ்சு போல அமுங்கும். மழைக்காலத்தில் குடித்த நீரை அது கோடையில் மெல்ல விடுகிறது. கற்பூர மரமோ ஆழ வேர்விட்டு அந்தச் சேமிப்பையே உறிஞ்சிவிடும். அதனால் அடி பலமாக விழுவது கோடை ஓட்டத்தில்தான், நமக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் மாதங்களில்.

மரத்தின் பக்கமும் நியாயம் உண்டு: விறகு, தைலம், மழைக்கால வெள்ளத்தின் உச்சம் கொஞ்சம் தணிவது. சரி, ஆனால் வெப்பம் கூடி, மழையும் ஒழுங்கு தப்பும் இந்தக் காலத்தில் என் ஓட்டு புல்வெளிக்கே. மழையை நம்மால் வரவழைக்க முடியாது. புல்வெளியை மீட்க முடியும்.